கேமராவுக்குச் சந்தனம்

என் அக்கா பரிபூரணம் செத்த அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பூராவும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். அதில் இருந்தது அவளுடைய ஆதார் அட்டைப் படம். கண் ரெண்டையும் முழித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சங்கிலி அறுத்து மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தாள். டீக்கடைக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், "இந்தம்மா என்ன பண்ணுச்சு?" என்று கேட்டிருக்கிறார். "செத்துப்போச்சு, வேற ஒன்னும் பண்ணலை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வேறு படமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எல்லாம் அவள் போனுக்குள் இருந்தது. விரலால் கோடு இழுத்துத் திறக்கிற பூட்டு. அந்தக் கோடு அவளுக்கு மட்டும்தான் தெரியும். கருமாதி முடிந்த மறுநாள் அவள் மகன் மாரீஸ்வரன் போனை ஒரு கடையில் கொடுத்துத் திறந்து வாங்கிவந்தான். கடைக்காரன் நன்றாகத்தான் திறந்திருந்தான். உள்ளே ஒரு படம்கூட இல்லாமல் துடைத்துத் திறந்திருந்தான். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் தேடினோம். போட்டோக்காரன் லைட்டைத் தூக்கினாலே அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வாள், இல்லாவிட்டால் பந்தியில் சாம்பார் வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். காரணம், மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். எனக்கும் அதே பல், அதே இடத்தில். எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து அது.

அந்தப் போஸ்டர் என் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டது. அக்காவை நினைத்தாலே ஆதார் மூஞ்சிதான் வருகிறது. கெக்கெக்கே என்று சிரிக்கிற அக்கா, என் தலையில் நறுக்கென்று கொட்டுகிற அக்கா, ஊர் வம்பை ஒன்று விடாமல் வாங்கிவந்து ஒப்பிக்கிற அக்கா, எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்தச் சங்கிலித் திருடி மட்டும் போகமாட்டேன் என்கிறாள். கூடப்பிறந்தவள் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறதே என்று பாத்ரூமில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஒருநாள் என்னுடைய ஆதாரை எடுத்துப் பார்த்தேன். அழுகை நின்றுபோய்ப் பயம் வந்துவிட்டது. அக்காவாவது சங்கிலியோடு விட்டாள். நான் கொலையே செய்திருப்பேன் போல இருந்தது.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். சாவதற்குள் எனக்கு ஒரு உருப்படியான படம் வேண்டும். நாளைக்கு என் பிள்ளை என் முகத்தைத் தேடி அலையக் கூடாது.

நான் ஜெயசித்ரா. ராஜபாளையத்தில் இருக்கிறேன். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங்கில் வேலை. என் வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். சித்திரையில் பதினோரு நாள் டார்ஜிலிங் டூருக்குப் பேர் கொடுத்திருந்தோம். அவருக்குக் கஞ்சன்ஜங்கா பனிமலையைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்தப் பனிமலைக்கு முன்னால் நிற்க வேண்டும், முகத்தோடு.

முகத்தோடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இவர் எடுத்த படங்களை நீங்கள் பார்த்ததில்லை. கன்னியாகுமரியில் படகின் மோட்டாரை எடுத்தார். ஊட்டி மலை ரயிலில் பல்சக்கரத்தை முப்பத்தெட்டு படம் எடுத்தார்; ஒன்றில் மட்டும் என் முழங்கை இருக்கிறது. கேட்டால், "நீ குறுக்க வந்துட்ட" என்பார். இப்போது கேமரா வாங்கியே தீருவது என்று நின்றார். "போன்லயே எடுங்கப்பா" என்று சென்னையிலிருந்து எங்கள் மகன் பிரேம்குமார் சொன்னான். போன் வேண்டவே வேண்டாம் என்றேன். ஒரு போன் என் அக்காவை முழுங்கியது போதும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முஹம்மது அனஸ் கேமராக் கடை வைத்திருக்கிறான். கல்யாண போட்டோக்காரர்கள் பழசைக் கொடுத்து வேறு மாற்றுகிற கடை. அவன், கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் துணி பார்க்கிற பர்வீனின் தம்பி. சனிக்கிழமை சாயங்காலம் போனோம். சட்டைப் பைக்குள் போகிற சின்னக் கேமரா ரெண்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று வெள்ளி நிறம், இன்னொன்று கறுப்பு.

"அக்கா, விலை ரெண்டுக்கும் ஒன்னுதான், கொணம்தான் வேற. வெள்ளி, முப்பது மடங்கு ஜூம். கோபுரத்து உச்சியில புறா உக்காந்திருந்தா அது கண்ணு தெரியும். ஆனா வெளிச்சம் கம்மியா இருந்தா படம் மணல் மணலா வரும். கறுப்புல ஜூம் மூனு மடங்குதான். ஆனா உள்ள இருக்க சென்சார் பெருசு, பொழுது சாஞ்சாலும் தெளிவா விழும். அதோட இந்த ஸ்கிரீன் இருக்குல்ல, மேல தூக்குனா உங்க பக்கம் திரும்பிக்கிரும். உங்க மூஞ்சியை நீங்களே பாத்து எடுத்துக்கலாம்."

எனக்கு அந்தக் கடைசி வாக்கியமே போதும். கறுப்பு மேல் கையை வைத்தேன். அவர் வெள்ளி மேல் கையை வைத்தார்.

"மூனு மடங்கு ஜூமை வச்சு மலையை எப்படிட்டி எடுக்க?"

"நாலு எட்டு முன்னால நடந்து போய் எடுங்க."

"கஞ்சன்ஜங்காவுக்கு நடந்து போவச் சொல்லுதியா?"

"மலை எங்கயும் போவாது. ஆயிரம் பேரு எடுத்த மலை. என் மூஞ்சியை யாரு எடுப்பா?"

"அதான் தெனமும் பாக்கேனே" என்றார் மனுஷன். அனஸ் சிரிப்பை அடக்கத் துடைக்கிற துணியை வாயில் வைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, ரெண்டையும் கொண்டு போங்க. நாளைக்குப் பூராம் எடுத்துப் பாருங்க, சாயந்தரம் ஒன்னைக் குடுத்துருங்க" என்று எங்களைக் கடையை விட்டுக் கிளப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் ஆளையும் காணோம், வெள்ளிக் கேமராவையும் காணோம். நான் தோசைக் கல்லைப் போடும்போது வந்து சேர்ந்தார், நெற்றி நிறைய விபூதியோடு. கேமராவின் வாரில் மல்லிகைப்பூ தொங்கியது. மூக்கு மாதிரி வெளியே நீட்டியிருந்த லென்ஸைச் சுற்றிச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"என்னங்க கண்றாவி இது?"

"மாரியம்மன் கோயில்ல பூஜை போட்டுட்டு வாரேன். மொக்கைச்சாமி பூசாரி எலுமிச்சம்பழம்லாம் சுத்திப் போட்டாரு."

"இன்னும் வாங்கவே இல்லையே! அடுத்தவன் பொருளு!"

"அதான்ட்டி விஷயம்" என்று தோசையைப் பிய்த்தார். "சாமிக்குக் காட்டுன பொருளைத் திருப்பிக் குடுக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஆவாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கள்ளத்தனத்தைப் பாருங்கள். என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று மாரியாத்தாளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியானால் நானும் போய்க் கறுப்புக்குப் பூஜை போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். பூசாரி நடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாராம்.

"சரி, லென்ஸு ஏன் நீட்டிக்கிட்டு இருக்கு?"

"ஆன்ல இருந்தாத்தானே பூஜை செல்லும்? வண்டிக்குப் பூஜை போட்டா ஸ்டார்ட் பண்ணி வைக்கமா இல்லையா?"

மில்லில் ஒரு ஸ்பிண்டிலில் பஞ்சுத் தூசி ஏறினால் ஊரைக் கூட்டுகிற ஃபிட்டர் இவர். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை மட்டும் வேட்டி நுனியால் துடைத்தார். சுற்றியிருந்த சந்தனத்தைத் துடைக்க மாட்டேன் என்றுவிட்டார், அது பிரசாதமாம். ஆத்திரத்தில் அவருக்கு மூன்றாவது தோசையை நான் வைக்கவில்லை.

பர்வீனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். முதலில் மடவார் வளாகத்தில் அக்கா வீடு. நான் அன்றைக்கு அக்காவின் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டியிருந்தேன். அவள் போன பிறகு என் பங்குக்கு வந்த சேலை அது. பத்து நாளில் அவளுக்கு முதலாமாண்டு நினைவு. மாரீஸ்வரன் அச்சகத்துக்குக் கொடுக்கப் போஸ்டர் வாசகம் எழுதி வைத்திருந்தான். வாசகம் நன்றாக இருந்தது. மேலே படம் ஒட்டுகிற இடத்தில் அதே திருடி முழித்துக்கொண்டிருந்தாள்.

"இதையாலே மறுபடியும் போடப் போற?"

"வேற என்ன சித்தி இருக்கு? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடுக்கணும். அந்தக் கடைக்காரனைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வெறி வருது. நான்தானே கொண்டுபோய்க் குடுத்தேன்" என்று தரையைப் பார்த்தான். காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வைத்தியநாத சுவாமி கோயில் வாசலில் வெயில் இறங்கும் நேரம். நானும் பர்வீனும் கறுப்புக் கேமராவின் ஸ்கிரீனைத் திருப்பி வைத்து எடுக்க ஆரம்பித்தோம். எடுத்தோம், எடுத்தோம், நாற்பது படம் எடுத்தோம். நாற்பதிலும் ஆதார்தான். ஸ்கிரீனில் என்னைப் பார்த்த உடனே உதடு தானாக ஒட்டிக்கொள்கிறது, பல் உள்ளே ஒளிந்துகொள்கிறது, கண் பிதுங்குகிறது.

"ஏட்டி, ரேஷன் கடையில கைரேகை வைக்கப் போனவ மாதிரியே நிக்கே. செத்த சிரியேன்."

"சிரிச்சுக்கிட்டுத்தான்ட்டி இருக்கேன்."

"யா அல்லா, இதுவா சிரிப்பு?"

கேமராவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டிக்கொண்டு வந்தபோதும் தெளிவாக விழுந்தது. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. நாற்பது தெளிவான கொலைகாரிகள். தகராறு கேமராவில் இல்லை, என் மூஞ்சியில் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு அழுகை முட்டியது. இந்த லட்சணத்துக்கு டார்ஜிலிங் வேறயா, வீட்டிலேயே செத்துத் தொலையலாம் என்று பர்வீனிடம் சொன்னேன்.

அப்போது ஸ்கிரீனில் என் தோளுக்குப் பின்னால் ஒரு கூத்து தெரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடக்கிறார். ஓர் எட்டு வைக்கிறார், பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், இன்னும் ஓர் எட்டு பின்னால் வைக்கிறார். அவருக்குப் பின்னால் வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவின் கூடை. "ஏங்க!" என்று நான் திரும்பவும், அவர் கூடைக்குள் உட்காரவும் சரியாக இருந்தது. காலிரண்டும் மேலே, வெள்ளரிக்காய் நாலு பக்கமும். அந்த அம்மா கம்பைத் தூக்கிக்கொண்டு, "எந்திரிடா எடுபட்ட பயலே!" என்று வருகிறாள். அந்த நிலையிலும் மனுஷன் கேமராவைக் கண்ணைவிட்டு இறக்கவில்லை.

நான் சிரித்த சிரிப்பு கோயிலுக்குள் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே திட்டினேன். "மூனாவது தோசை வைக்காதது நல்லதாப் போச்சு, கூடை தப்பிச்சுச்சு!" என்று கத்தினேன். பர்வீன் என் மேல் விழுந்து சிரித்தாள். நசுங்கின வெள்ளரிக்காயை எல்லாம் நாங்களே வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவைச் சமாதானம் பண்ணிவிட்டு அனஸ் கடைக்குப் போனோம்.

கடையில் வைத்து உண்மை வெளியே வந்தது. காலையில் மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்து முழு ஜூமையும் தள்ளியிருக்கிறார். லென்ஸ் வெளியே போனது, திரும்பி வரவில்லை. சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது. பக்கத்தில் எதை எடுத்தாலும் புகை, நாற்பது அடி தள்ளி நின்றால்தான் படம் விழும். இதை என்னிடம் சொல்லப் பயந்துகொண்டு, கேமரா வேலை செய்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பின்பக்கமாகவே நடந்திருக்கிறார்.

அனஸ் சின்னத் தூரிகையால் சுரண்டிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான். "அண்ணாச்சி, எத்தனையோ ரிப்பேர் பாத்திருக்கேன். கடல்ல விழுந்தது வந்திருக்கு, கேக்குக்குள்ள விழுந்தது வந்திருக்கு. சாமி கும்பிட்டு ரிப்பேரானது இதான் மொதத் தடவ" என்றான். உள்ளே சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்துவிட்டதாம், இனி அது அப்படியேதான் நிற்குமாம். திருப்பிக் கொடுக்க வழியில்லை. சாமியை வைத்து என்னைக் கட்டிப்போட நினைத்தவர், தானே கட்டுப்பட்டு நின்றார். நான் வாயைத் திறக்கத் தயாரானேன். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்துப் பாக்கி மொத்தமும் வாயில் வந்து நின்றது.

"எடுத்ததையாவது பாப்போம்" என்று அனஸ் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டான். ஒரு மரக்கிளை வந்தது. கோபுரத்துப் பொம்மை ஒன்றின் கால் வந்தது. அப்புறம் திரை நிறைய ஒரு பெண் வந்தாள்.

படம் கொஞ்சம் மணல் மணலாகத்தான் இருக்கிறது. கிளிப்பச்சைச் சேலை. தலை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கிறது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. தெத்துப்பல் பளிச்சென்று தெரிகிறது. கண் சுருங்கி, ஓரத்தில் தண்ணீர் நிற்கிறது. யாரையோ திட்டப் போகிறாள், ஆனால் சிரிப்பு விடவில்லை.

"பரிபூரணம் அக்கா" என்றாள் பர்வீன், மெதுவாக.

நான் திரைக்குப் பக்கத்தில் போனேன். அது நான்தான், எனக்குத் தெரியும். ஆனால் என்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்த முகத்தை எனக்கு எதிரில் வைத்துத்தான் ஐம்பது வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷமாகத் தேடிய முகம், இத்தனை நாளும் என் மூஞ்சிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் வாயை இறுக்கி மூடி உள்ளே வைத்திருந்தேன். அக்கா, அக்கா என்று கடை என்றும் பாராமல் அழுதேன். அவர் என் முதுகில் கையை வைத்தார். நான் தட்டிவிடவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு அனஸிடம், "தம்பி, இதை மாரீஸ்வரனுக்கு அனுப்பு" என்றேன். "பேரு ஒன்னும் போடாத, படத்தை மட்டும் அனுப்பு."

ஐந்து நிமிஷத்தில் என் போன் அடித்தது. எடுத்தால் மாரீஸ்வரன்.

"சித்தி... அம்மா படம் எங்க கெடைச்சுச்சு?"

பெற்ற மகன். கொஞ்சம் முன்னால் இதே சேலையில் என்னைப் பார்த்தவன், அவனுக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடைசியில் சொன்னது வேறு.

"பழைய கார்டு ஒன்னுல கெடந்துச்சுலே. போஸ்டருக்கு இதைப் போடு."

"போடுதேன் சித்தி, போடுதேன்" என்று தேம்பினான். ஒரு வருஷத்தில் அவன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். "என்ன பாக்கிய? கார்டு பழசுதானே?" என்றேன். அனஸ்தான், "ஆமாக்கா, பழசுதான்" என்றான். கறுப்புக் கேமராவை நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நாற்பது கொலைகாரிகளையும் அழித்துவிடச் சொன்னேன். வெள்ளியை எங்கள் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்தாவது நாள் மடவார் வளாகத்தில் போஸ்டர் ஒட்டியிருந்தது. டீக்கடைச் சுவரில், மாவு மில் கதவில், டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில், எங்கே திரும்பினாலும் நான் சிரிக்கிறேன். எனக்குக் கீழே தோற்றம், மறைவு ரெண்டும் போட்டிருந்தது. மறைந்து வருஷம் ஒன்றாகியும் எனக்கு நல்ல பசி. பூக்காரி மாரிசெல்வி போஸ்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே அச்சுதான். ஆனா அவுக சிரிப்பு அவுகளுக்குத்தான் வரும், உனக்கு வராது" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். மாரீஸ்வரன் போகும்போதும் வரும்போதும் சுவரில் ஒரு கையை வைத்துவிட்டுப் போனான்.

சாப்பிட்டு முடித்து, பஸ்ஸுக்குக் கோயில் வாசலில் நின்றோம். எதிர்ச் சுவரிலும் ஒரு போஸ்டர். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, கெடைச்ச ஒரே நல்ல படத்தையும் அவளுக்குக் குடுத்துட்ட. அப்ப உனக்கு?"

"எனக்கென்ன, அக்காவோட ஆதார் படம் இப்பச் சும்மாத்தானே கெடக்கு? எனக்கு அதைப் போட்டுருங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. பையைத் திறந்து வெள்ளிக் கேமராவை எடுத்தார். லென்ஸைச் சுற்றி மஞ்சளாக இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. "இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினார். அந்தப் பக்கம் போய்ப் பின்பக்கமாகவே நடந்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னும் ஓர் எட்டு வைத்தார். வெள்ளரிக்காய்க்கார அம்மா இவரைப் பார்த்ததும் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கூடை இல்லாத இடத்தில் சாக்கடை இருந்தது.

"ஏங்க! பின்னால சாக்கடை! யோவ், நில்லுய்யா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவர் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே கேமராவை அமுக்கினார்.

"பல்லு தெரிஞ்சுச்சா?" என்று இங்கிருந்து கேட்டேன்.

"நல்லாத் தெரிஞ்சுச்சுட்டி" என்றார் அங்கிருந்து.